சமையல் உள் வரைக்கும் வந்த குழாய்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் பின்கட்டில் குடியிருந்தோம். நான், என் மனைவி, மூன்று வயது முடிந்த எங்கள் பெண். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயத்தில் காலியான வீடு அது. ஓடினவர்கள் திரும்பி வருவதற்குள் நாங்கள் புகுந்துவிட்டோம்.

முன்கட்டில் வீட்டுக்காரர் இருந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தைகள் கிடையாது. வாசல் பக்கத்துச் சிறிய அறையில் ஒரு குமுட்டி அடுப்பை வைத்துக்கொண்டு தானே சமைத்துச் சாப்பிட்டார். மடி ஆசாரம் அதிகம். கொல்லைக் கிணற்றில் அவரைத் தவிர யாரும் கயிறு போடக்கூடாது. மற்றபடி நல்ல மனுஷர். பூஜைக்கு வைத்திருந்த நந்தியாவட்டையை என் பெண் கை வைத்து அள்ளினாலும் சத்தம் போடமாட்டார். "இனிமே கேளு, நானே பறிச்சுத் தரேன்" என்பார். பிறகு அந்தப் பூவை ஒதுக்கிவிட்டு வேறு பறித்துக்கொள்வார்.

குடி வந்த அன்றைக்கே அவர் எங்களுக்கு முதலில் காட்டியது சமையல் உள்ளில் இருந்த குழாயைத்தான். சந்தில் மற்ற வீடுகளில் எல்லாம் வாசலோடு குழாய் நின்றுவிட்டது. தவலையையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு பெண்டுகள் உள்ளே நடப்பார்கள். இந்த வீட்டில் மட்டும் குழாய் ரேழி வழியாக, முற்றத்தின் அடியில் புகுந்து, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் தலை நீட்டியது.

"தெருவுக்குக் குழாய் வந்து முப்பது வருஷம் ஆறது" என்றார். "எல்லாரும் வாசலோட போறும்னா. நான்தான் சமையல் உள் வரைக்கும் வரணும்னு நின்னேன். அவளுக்கு அப்போ நாலு மாசம். கிணத்துல இழுக்கப்படாதுன்னு வைத்தியர் சொல்லியிருந்தார். இருக்கறதுலயே ஒசத்திச் சரக்காப் போடுன்னேன். சீமையிலிருந்து வந்த குழாய். இன்னி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினதில்லை."

அந்தக் குழாய்த் தண்ணீரை அவர் குடிப்பதில்லை. குழாய்த் திருகுக்குள் தோல் வில்லை இருக்கிறது, அது பட்ட ஜலம் மடிக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் பல வைதிகர்கள் சொல்வது உண்டு. குழாய் போட்டது மனைவிக்காக. அவருக்குக் கிணறு.

நான் பக்கத்திலேயே ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பொறுக்கி வரியாகக் கோக்கிற வேலை. பத்து வருஷம் செய்தேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் வேண்டிய எழுத்து விரலில் வந்து உட்காரும்.

அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்குள் எனக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை. தொப்புளைச் சுற்றிக் கையை விட்டு முறுக்குகிற மாதிரி வரும். வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு தரையில் சுருண்டு கிடப்பேன். கஷாயம், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் மாதிரி கசந்த ஏதோ ஒரு லேகியம், எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் லஸ் பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் போனேன். நடுவயசுக்காரர், அதிகம் பேசமாட்டார். உதட்டைப் புரட்டி ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலமாக ஒரு கோடு இருக்கிறது என்று கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார்.

"எங்கே வேலை?"

சொன்னேன்.

"பின்னே என்ன, ஈயம். அந்த வேலையை விட்டுடுங்கோ. விடாம நான் மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை."

ஒரு வாரம் யோசித்துவிட்டு விட்டேன். மாம்பலத்தில் ரேஷன் ஆபீஸில் கார்டு எழுதுகிற வேலை கிடைத்தது. அச்சகத்தை விட்ட அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, மைக்கறை படிந்த இரண்டு சட்டைகளையும் வேஷ்டியையும் சுருட்டிக் குப்பையில் போட்டேன். என் மனைவி கொல்லைப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் வரவேயில்லை.

அதற்குள் அவளுக்கும் உடம்பு சரியில்லாமல் ஆகியிருந்தது. முகம் வெளுத்து, எதைக் கண்டாலும் குமட்டல். பெண்ணுக்கும் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை, பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். நான்தான் துணியிலும் நகத்திலும் ஈயத்தை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன் என்று டாக்டர் சொன்னார். நானும் நம்பினேன். அந்த நாட்களில் பெண் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். அவளைத் தொடமாட்டேன். அவள் புரியாமல் அண்ணாந்து பார்ப்பாள்.

ஆறு மாசம் போயிற்று. என் வயிற்றுவலி கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மற்ற இருவருக்கும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வந்தது. ஒரு காலை என் மனைவி சாதம் வடிக்கக் குனிந்தவள் பானையை நழுவவிட்டாள். கஞ்சி காலில் கொட்டியது. பானை வழுக்கிவிட்டது என்றாள். மறுநாள் மோர்க் கரண்டி. அதற்கு அடுத்த நாள், தலை பின்னிக்கொள்ள வரவில்லை என்று என்னிடம் வந்து உட்கார்ந்தாள். வலது கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கியது. நிமிர்த்தச் சொன்னேன். "நிமித்தறேனே" என்றாள். கை அப்படியே இருந்தது.

டாக்டர் அந்தக் கையைத் தன் கையில் தூக்கிப் பிடித்து விட்டுவிட்டுப் பார்த்தார். தொப்பென்று விழுந்தது. அவர் முகத்தில் முதல் முறையாகக் கலக்கத்தைப் பார்த்தேன்.

"நீங்க பிரஸ்ஸை விட்டு ஆறு மாசம் ஆச்சு" என்றார். "துணியெல்லாம் தூக்கிப் போட்டாச்சு. இப்பவும் இவாளுக்கு ஈயம் ஏறிண்டே இருக்கு. நான்தான் தப்பான எடத்துல பார்த்துண்டிருந்திருக்கேன். குடிக்கறதுக்குத் தண்ணி எங்கேர்ந்து?"

"குழாய்தான்."

"குழாய் இரும்பா?"

எனக்குத் தெரியவில்லை. குழாய் குழாய்தானே, அதற்கு மேல் யோசித்ததில்லை. "போய்ப் பாருங்கோ. பார்த்துட்டு, குழாய்த் தண்ணி ஒரு சீசா, கிணத்துத் தண்ணி ஒரு சீசா கொண்டு வாங்கோ. குழாய்த் தண்ணி காலம்பற முதல்ல வர்றதா இருக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சமையல் உள்ளில் அடுப்பு மேடைக்கருகில் உட்கார்ந்தேன். குழாய்க்கு மேல் பல வருஷத்துச் சுண்ணாம்பு. அரிவாள்மணையை எடுத்து, தரைக்கு அருகில் ஓர் இடத்தில் சுரண்டினேன். சுண்ணாம்பு உதிர்ந்தது. அதற்கடியில் சாம்பல் நிறம். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இரும்பாக இருந்தால் கிறீச்சிட்டிருக்கும். இது வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. உள்ளே பளபளவென்று வெள்ளை. ஈயம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பளபளப்போடு நான் பத்து வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.

என் மனைவி எழுந்ததும் முதல் காரியமாக அந்தக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து வெறும் வயிற்றில் குடிப்பாள். காப்பிக்கும் அதேதான், உலைக்கும் அதேதான். குழந்தைக்கு நாள் பூராவும் அதேதான். நானாவது பகலெல்லாம் வெளியில் பானைத் தண்ணீர் குடித்தேன்.

கிணற்றுத் தண்ணீருக்கு வீட்டுக்காரரிடம் கேட்டேன். எதற்கு என்று விசாரிக்காமல் தானே சேந்திக் கொடுத்தார். டாக்டர் இரண்டையும் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி ஈயம் இருந்தால் நிறத்தில் காட்டும் என்று சொல்லி, ஏதோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கிணற்றுத் தண்ணீர் அப்படியே இருந்தது. குழாய்த் தண்ணீர் மெல்லப் பழுப்பேறி, நீர்த்த காப்பி மாதிரி ஆயிற்று. நான் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இனிமே ஒரு வாய் குடிக்கக்கூடாது" என்றார். "குழாயையே எடுத்துடச் சொல்லுங்கோ."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"ஈயச் சொம்புல ரசம் வெக்கறா. மயிலாப்பூரே அதைத்தான் சாப்பிடறது. ஈயம் விஷம்னா இந்த ஊர்ல ஒருத்தர் மிஞ்சியிருப்பாளா?"

"அது வெள்ளீயம், மாமா. இது காரீயம். நான் பத்து வருஷம் கையால தொட்ட சாமான்."

"அப்போ உம்ம கையிலேர்ந்துதான் வந்திருக்கும். டாக்டரே அப்படித்தான் சொன்னார்னு நீர்தானே சொன்னீர்? இப்போ என் குழாயைச் சொல்றீர்."

"டாக்டர் இப்போ மாத்திச் சொல்றார். தண்ணி பழுப்பா மாறினதை என் கண்ணால பார்த்தேன்."

"டாக்டர் நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுவார். முப்பது வருஷமா இருக்கற குழாய். சீமைச் சரக்கு. அதைப் போட்டவாளுக்குத் தெரியாதா? பிடிக்கலைன்னா வேற ஜாகை பார்த்துக்கும்."

ஜாகை எங்கே கிடைக்கும்? ஓடினவர்கள் எல்லோரும் திரும்பி வந்து, மாட்டுக்கொட்டகையைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அந்த ஆறு மாசத்து ஆத்திரம் முழுக்க அவர் மேல் திரும்பியது. குரலை உயர்த்தக்கூட இல்லை. நிதானமாகத்தான் கேட்டேன்.

"மாமிக்கு எத்தனை குழந்தை தவறித்து?"

விசிறி நின்றது. "மூணு" என்றார்.

"குழாய் வரதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவர் என்னைப் பார்க்காமல் ஊஞ்சலின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரேழியில் நின்று என் மனைவி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "அதை ஏன் கேட்டேள்?" என்றாள். "பதில் உங்களுக்குத் தெரியும். குழாய் போட்டப்போ மாமிக்கு நாலு மாசம்னு நம்மகிட்ட முதல் நாளே சொன்னார். தெரிஞ்சுண்டே கேட்டேள்."



மறுநாள் விடிந்ததும் பின்கட்டு வாசற்படியில் ஒரு பித்தளைக் குடம் நிறையக் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. அவர் சேந்திக் கொண்டு வந்து வைத்துவிட்டு, நாங்கள் கதவைத் திறப்பதற்குள் போய்விடுவார். காலிக் குடத்தைப் படியில் வைத்தால் எடுத்துக்கொண்டு போவார். பேச்சு கிடையாது. குழாயைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. அவர் தண்ணீர் தருவது நான் சொன்னதை நம்பியா, வாயை அடைக்கவா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் நாங்கள் குழாயைத் தொடாமல் இருந்துவிடலாம். குழந்தைக்கு எப்படிச் சொல்வது? திருகை ஒரு துணியால் இறுக்கக் கட்டி வைத்தேன். சித்திரை பிறந்து வெயில் ஏறிற்று. கிணறு வற்றிக்கொண்டே போய், ஒரு குடம் சேந்துவதற்குள் கயிறு அடியில் மண்ணைத் தொட்டது. தண்ணீரிலும் உப்புக் கரித்தது. பெண் அதை வாயில் வைத்துத் துப்பினாள். "வேற" என்றாள். அந்த நாட்களில் அவள் முழுசாகச் சொன்ன வார்த்தைகளில் அது ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஆபீஸ் இல்லை. பத்து மணி இருக்கும். நான் முற்றத்தில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சமையல் உள்ளிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. என் மனைவி எனக்கு முன்னால் ஓடினாள். நான் நிலைப்படிக்கு வந்தபோது, பெண், நான் கட்டி வைத்த துணியைப் பல்லால் அவிழ்த்துப் போட்டுவிட்டு, குழாயின் வாயில் தன் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். கண்களை மூடிக்கொண்டு, தாகம் தீரத் தீர. என் மனைவி அவளை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் திருகை மூடப் பார்த்தாள். விரல்கள் திருகின் மேல் பட்டு வழுக்கின. மணிக்கட்டு மடங்கிக் கை கீழே விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தாள். மறுபடி விழுந்தது. தண்ணீர் இருவர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது.

கொல்லைப் பக்கத்து வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அன்றைக்குக் கிணற்றில் ஊறுவதற்காகக் காத்திருந்து, நேரம் கழித்துக் கொண்டு வந்த குடம் அவர் தோளில் இருந்தது. அவர் என் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்த் திருகை மூடினேன்.

அவர் குடத்தை இறக்கிவைத்தார். "எத்தனை நாளா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"ரெண்டு மாசமா, மாமா."

"வலது கை மட்டுமா?"

"இப்போதைக்கு."

"அவளுக்கும் வலதுதான் மொதல்ல" என்றார். "குங்குமச் சிமிழைத் திறக்க முடியலைன்னு என்னண்ட கொண்டு வருவா. நான் சிரிச்சுண்டே திறந்து கொடுப்பேன். அப்புறம் இடது. அப்புறம் ஜன்னி."

அவர் அப்படியே, மேல்துண்டுகூட இல்லாமல், செருப்பில்லாமல், அந்த வெயிலில் வாசல் வழியாக இறங்கிப் போனார். மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். கூடவே ராயப்பேட்டையிலிருந்து ஒரு குழாய் வேலைக்காரர். அறுபது வயசு இருக்கும், தாடி நரைத்த முஸ்லிம். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிட்டார்கள். வைதிகர் வீட்டில் சமையல் உள் வரை வரலாமா என்று தயங்கி ரேழியிலேயே நின்றார். "வாங்கோ, உள்ளதான் வேலை" என்று வீட்டுக்காரர் முன்னால் நடந்தார்.

பாய் குழாயை நகத்தால் கீறிப் பார்த்தார். "இன்னா சாமி, ஈயக் குழாவா கீது. இத்த இப்ப யாரும் போடறதில்ல. அப்பல்லாம் பெரிய வூட்டுக்காரங்க மட்டும் போடுவாங்க."

"எடுத்துட்டு இரும்புக் குழாய் போடணும்."

"சண்ட நடக்கறதுல இரும்புக் குழா எங்க கெடைக்குது? பர்மிட்டு கேக்கறாங்க. அடையாத்துல ஒரு பங்களா இடிச்சிக்கினு கீறாங்க. பழய குழா கெடைச்சா எடுத்தாறேன். வூட்டுக்குள்ள நான் பாத்துக்கறேன். தெருவுல மெயின் குழாலேர்ந்து வாசப்படி வரிக்கும் கீற துண்ட நான் தொடக்கூடாது. அதுக்கு கார்ப்பரேசன் ஆபீசுல மனு குடுக்கணும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். ஊஞ்சலில் ஒரு முழுத்தாள் காகிதம். இங்கிலீஷில், கோர்ட்டுக் குமாஸ்தாக்களுக்கே உரிய சாய்ந்த எழுத்தில் ஒரு மனு எழுதியிருந்தார்.

"நீர் அச்சுக் கோத்தவர். பிழை இருந்தா சொல்லும்."

நின்றபடியே படித்தேன். கதவு எண், குழாய் போட்ட விவரம், குழாயின் நீளம் எல்லாம் வரிசையாக இருந்தது. மாற்ற வேண்டிய காரணம் என்ற இடத்தில், இந்தக் குழாயின் தண்ணீரைக் குடித்து என் மனைவியும் பிறக்கவிருந்த மூன்று குழந்தைகளும் இறந்தார்கள் என்று நம்புகிறேன், இப்போது குடியிருப்பவர்களுக்கும் அதே நோய் கண்டிருக்கிறது, குழாயை இவ்வளவு தூரம் இழுக்கச் சொன்னது நானே என்று எழுதியிருந்தார். வக்கீல் நோட்டீஸில் எழுதுகிற மாதிரி, கூடுதலாக ஒரு சொல் இல்லாமல்.

இரண்டு தடவை படித்தேன். கடைசி வரியை எடுத்துவிடலாமே, ஆபீஸுக்கு அது எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிழை ஒண்ணும் இல்லை, மாமா" என்றேன்.

காகிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து ஆள் வருவதற்குப் பத்து நாள் போல ஆயிற்று. அதுவரை இரண்டு வீடு தள்ளி வாசல் குழாய் இருந்த ஒரு வீட்டில் குடிதண்ணீர் கேட்டு வாங்கினோம். அந்தக் குழாய் இரும்பு என்று பாய் பார்த்துச் சொன்ன பிறகுதான். வீட்டுக்காரரே குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார். முப்பது வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

தரையைத் தோண்டின இரண்டு நாளும் நான் ஆபீஸுக்கு லீவு போட்டேன். ரேழியில் செங்கல்லைப் பெயர்த்து, முற்றத்தில் கல்லைப் புரட்டி, பாய் குழாயை மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தார். அது நேராக வரவில்லை. தூணுக்குத் தூண் சுற்றி வளைந்து போயிருந்தது. ராத்திரி பூராவும் அத்தனை நீளத்திலும் தண்ணீர் நின்று, ஈயத்தில் ஊறி, காலையில் அடுப்படியில் வந்து விழும்.

"இன்னா சாமி இவ்ளோ தூரம் இஸ்துக்கினு போயிருக்காங்க" என்றார் பாய். "வாசல்லயே நிறுத்தியிருந்தா கொஞ்சூண்டு துண்டு போதும். தண்ணியும் அந்தளவுக்குக் கெட்டிருக்காது. எவன் சொன்னான் இந்த வேலையை?"

"நான்தான் கேட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

பாய் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

குழாயை இரண்டடித் துண்டுகளாக அறுத்தபோது வீட்டுக்காரர் ஒரு துண்டைக் கேட்டு வாங்கினார். அதைப் பிளந்து காட்டச் சொன்னார். உள்ளே சுவர் முழுக்க மாவு பூசினாற்போல் வெள்ளையாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "இதையெல்லாம் என்ன பண்ணுவேள்?" என்று பாயைக் கேட்டார்.

"குப்பத்துல வாங்கிக்குவாங்க சாமி. வலைக்குக் குண்டு கட்றதுக்கு. கடல்ல முழுவறதுக்கு."

"பாத்திரக்காராளுக்குப் போகாதே?"

"போவாது."

"கடலுக்குன்னா கொண்டு போங்கோ" என்றார்.

இரண்டாம் நாள் மாலை இரும்புக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் துரு கலந்து செம்மண் மாதிரி வந்தது. பாய் அரைமணி நேரம் விட்டார். தெளிந்த பிறகும் என் மனைவி அதைத் தொட மறுத்தாள். நான் ஒரு சீசாவில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், அது பழுப்பாகவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் உலை வைத்தாள். அதற்கப்புறமும் வெகுநாள் வரைக்கும், தண்ணீரை டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

அவள் கை உடனே சரியாகவில்லை. டாக்டர் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு மூங்கில் தப்பையை வைத்துக் கட்டினார். பாலும் கீரையும் நிறையச் சாப்பிடச் சொன்னார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, தலையைப் பின்னிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் பின்னினது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டினாள். கொஞ்சம் நடுங்கியது. ஆனால் நிமிர்ந்து நின்றது.

அச்சகத்துக்கு மறுபடி போய்க் கேட்டேன். என் இடத்தில் வேறு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். டாக்டரும், "அங்கே இருந்தும் கொஞ்சம் ஏறியிருக்கும், இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார். ரேஷன் ஆபீஸிலேயே இருந்துவிட்டேன்.

எங்களுக்கு முன்னால் அந்தப் பின்கட்டில் ஒரு குடும்பம் மூன்று வருஷம் இருந்தது. குண்டு பயத்தில் முதலில் சைதாப்பேட்டைக்கு யாரோ உறவினர் வீட்டுக்குப் போனார்கள் என்பது மட்டும் வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்த வீட்டு அம்மாளுக்கும் ஓயாத வயிற்றுவலி என்பது இப்போது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. குழாய் மாற்றின மறுவாரத்திலிருந்து அவர் குடையை எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போக ஆரம்பித்தார். மார்க்கெட்டில், கோர்ட்டு வாசலில், தனக்குத் தெரிந்த பழைய குமாஸ்தாக்களிடம் எல்லாம் விசாரித்தார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். கடைசியில் ஆற்றங்கரைப் பக்கம் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஊர், பெயர் தெரியாது என்றார்கள். "அந்த அம்மா எப்படி இருந்தா?" என்று கேட்டார். வீட்டிலிருந்த பெண்மணி, "படுத்தபடிதான்" என்றாள்.

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. "மாமா, அன்னிக்கு ஊஞ்சலண்ட நின்னு நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது" என்றேன்.

"நீர் கேட்டது பொய் இல்லையே" என்றார்.

"பொய் இல்லை. ஆனா உங்களுக்கு வலிக்கணும்னு கேட்டேன்."

 "அது எனக்குத் தெரியும்" என்றார். மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.

யுத்தம் முடிந்த பிறகு மாம்பலத்தில் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு கிடைத்து மாறினோம். நாங்கள் போன பிறகு அவர் பின்கட்டை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை என்று கேள்விப்பட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தபால் ஆபீஸ்களுக்கு, அந்தக் குடும்பத் தலைவர் பெயரைப் போட்டுக் கார்டு எழுதிக்கொண்டே இருந்தாராம். பதில் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. நான் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் மாமியைப் பற்றிக் கேட்ட அந்த இரண்டு கேள்விகளும் என் காதில் என் குரலிலேயே கேட்டன.

எங்கள் பெண்ணுக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. முகத்தில் ரத்தம் ஓடியது. ஓடி விளையாடினாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் போட்டபோது அவளோடு சேர்ந்த குழந்தைகள் எல்லாம் மேலே போக, அவள் மட்டும் அதே பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்தாள். 'அ'வைப் பார்த்து 'அ' என்பாள். ஐந்து நிமிஷம் கழித்து அதே எழுத்தைக் காட்டினால் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறேனோ என்று டாக்டரைக் கேட்டேன். குழாயினால் இருக்கலாம், இயல்பாகவே இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். எத்தனை நாள் குடித்தாள் என்று கேட்டார். கணக்குப் பார்த்துச் சொன்னேன். அதில் ஆறு மாசம், நான் என் கைகளை அவள் மேல் படாமல் தூக்கிக்கொண்டு நின்ற ஆறு மாசம். அவ்வளவு நாளும் அவளுக்குத் தாகம் எடுத்தபோதெல்லாம் அந்தக் குழாயிலிருந்து பிடித்துக் கொடுக்கச் சொன்னவன் நான்தான்.

பதினொரு வயசில் அவள் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினாள். சிலேட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் அம்மாவிடம்தான் ஓடினாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, உள்ளே அவர்கள் இருவரும் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ந்து படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.